அருளப்பு அங்கிள் பிரான்ஸான குளிர்காலம்

அருளப்பு அங்கிள் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதில் ஒட்டியிருந்த பனி உருகி, நான் பெரிய அட்டையில் வரைந்திருந்த மத்தியதரைக் கடலுக்குள் மெல்ல இறங்கியது.

“சரி, பிள்ளை. ஒருத்தரும் மாட்டினமெண்டால் நான் பிரான்சா இருக்கிறன்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்த பரமலிங்கம் அங்கிள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தன் நண்பரை மேலும் கீழும் பார்த்தார்.

“யோசிச்சுச் சொல்லு, அருளப்பு. பேந்து ஊர் என்ன கதைக்கும்?”

“எந்த ஊர்?”

“டோர்செட் பார்க்.”

“டோர்செட் பார்க்குக்கு வேற வேலை இல்லையோ,” என்று சொல்லிவிட்டு, அருளப்பு அங்கிள் கதிரையை இழுத்துக்கொண்டு மேசையின் வடக்குப் பக்கம் போய் அமர்ந்தார். பாரிஸ் அங்கேதான் இருந்தது. அந்த மேசையின் குறுக்களவுதான் பின்னர் பல சனிக்கிழமைகளுக்கு இரண்டு நண்பர்களுக்கு இடையிலான தூரம் ஆகப்போகிறது என்பதை நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

எவருடைய அண்ணனும் போகாத போர்

அந்நாட்களில் ஸ்காபரோவில், எங்கள் ஆட்கள் நிறைந்த டோர்செட் பார்க்கின் அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள ஒரு சமூக நிலையத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வரலாற்றில் பட்டம் பெற்றவள் என்ற காரணத்தால், மூத்தவர்களுக்கான சனிக்கிழமை வரலாற்று வட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. யோகா வகுப்புக்கும் நீரிழிவு ஆலோசனைக்கும் இடையில் எங்களுக்கு அறை கிடைக்கும். சுவரில் ஒரு பெரிய சிறுநீரகத்தின் படம் தொங்கும். உலகின் பேரரசுகள் அனைத்தும் அதன் பார்வையில்தான் எழுந்து வீழ்ந்தன.

எதைச் செய்வதற்கு முன்பும் அதன் விளைவை எடைபோட்டுப் பார்ப்பது என் இயல்பு. ஆயினும் முதல் பருவத்தில் எங்கள் தீவின் அண்மைக் கால வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரமே பாதிக் கதிரைகள் காலியாகிவிட்டன. எஞ்சியவர்களும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

ஆகவே பாதுகாப்பாகப் பின்வாங்கிப் போர்த்துக்கேயர் காலத்துக்குப் போனேன். சில நூற்றாண்டுகள் கடந்துவிட்டதால் கோபம் ஆறியிருக்கும் என்று நம்பினேன். கோயில்களை இடித்தது யார் என்ற கேள்வி வந்தவுடன், அறையிலிருந்த இந்துக்கள் எல்லோரும் அருளப்பு அங்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள். தீவுப்பகுதியில் பிறந்து ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கரான அவர், “நான் அப்ப பிறக்கேல்லை,” என்று மட்டும் சொன்னார்.

இதன் பிறகுதான் அல்ஜீரியாவைத் தேர்ந்தெடுத்தேன். மிகுந்த யோசனைக்குப் பின் எடுத்த முடிவு அது. வட ஆபிரிக்காவில், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நடந்த விடுதலைப் போர். எங்கள் அறையில் இருந்த எவருடைய அண்ணனும் அந்தப் போருக்குப் போயிருக்கவில்லை. எவருடைய வீட்டையும் அந்த இராணுவம் சோதனையிட்டிருக்கவில்லை. ஒரு போரை அமைதியாக உட்கார்ந்து படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் இருக்க முடியாது என்று நான் மனமார நம்பினேன்.

பிறம்ரனில் ஒரு மதிய உணவு

உண்மையில் அல்ஜீரியா என் மனதில் நுழைந்தது பல்கலைக்கழகத்தில் அல்ல. பட்டம் வாங்கிய புதிதில் பக்கத்து நகரான பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு அதே வரிசையில் நாதியா என்ற அல்ஜீரியப் பெண் வேலை செய்தாள். மதிய உணவு வேளையில் அவளுடைய ஆலிவ் காய்களுக்கும் என்னுடைய கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் பண்டமாற்று நடக்கும்.

அவளுடைய நாட்டின் போரைப் பற்றி நான் நீண்ட கட்டுரை எழுதியிருந்தேன். ஆகவே ஒருநாள் மிகுந்த மரியாதையுடன் அதைப் பற்றிக் கேட்டேன். அவள் வாயிலிருந்த ஆலிவ் கொட்டையை எடுத்து வைத்துவிட்டு யோசித்தாள். தன் அம்மாவைப் பொறுத்தவரை அந்தப் போர் என்பது தண்ணீர் அள்ளப் போகும் வழியில் இருந்த சோதனைச் சாவடி என்றாள். அங்கே நின்ற பிரெஞ்சுச் சிப்பாய்க்கு எப்போதும் தடிமனாம். அவனுடைய தும்மல் கேட்டால் வேறு வழியாகச் சுற்றிப் போவார்களாம்.

“உங்களுடைய போர்?” என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

எனக்கு நினைவுக்கு வந்தது குண்டுச் சத்தம் அல்ல. சின்ன வயதிலேயே இங்கு வந்துவிட்டவள் நான். ஸ்காபரோவில் எந்தக் கலியாண வீட்டிலும் என் பெரியப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் மண்டபத்தில் இருந்ததில்லை. ஒருவர் தாலி கட்டும்போது வருவார், மற்றவர் சாப்பாட்டுக்கு வருவார். ஒரு காலத்தில் வெவ்வேறு இயக்கங்களின் பக்கம் நின்றவர்கள். அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “எங்கள் வீட்டிலும் அப்படி இருவர் உண்டு,” என்றாள்.

உழுந்தும் கடலையும்

வெறுமனே விரிவுரை ஆற்றினால் மூத்தவர்கள் தூங்கிவிடுவார்கள் என்பது அனுபவம். ஆகவே போரை மேசையில் பரப்பிவிடத் தீர்மானித்தேன். அட்டையில் வரைபடம். பிரெஞ்சு இராணுவத்துக்குக் கொண்டைக்கடலை, பெரியதாக, வெளிறியதாக, எங்கே நின்றாலும் கண்ணில் படுவதாக. விடுதலைப் போராளிகளுக்குக் கறுப்பு உழுந்து, சிறியதாக, இடுக்குகளில் மறைவதாக, ஊதினால் பறப்பதாக. ஒவ்வொரு வாரமும் நடந்தது என்ன என்று நான் சொல்வேன். அந்த இடத்தில் தாங்கள் இருந்தால் என்ன செய்வார்கள் என்று இரு பக்கமும் தீர்மானிக்க வேண்டும்.

இரு பக்கம் என்று நான் நினைத்ததுதான் பிழை. எல்லோரும் உழுந்தின் பக்கம் போய்விட்டார்கள். பிரான்சின் பக்கம் ஒரு காலிக் கதிரை மட்டும் இருந்தது.

“இது ஒரு பயிற்சிதானே, அங்கிள். எதிர்ப்பக்கம் எப்படி யோசித்தது என்று விளங்கிக்கொள்ள வேண்டும்,” என்றேன்.

“எங்களுக்கு விளங்கும் பிள்ளை,” என்றார் பரமலிங்கம் அங்கிள். “விளங்கினதாலதான் அங்க இருக்க மாட்டம் எண்டுறம்.”

அப்போதுதான் அருளப்பு அங்கிள் தொப்பியைக் கழற்றினார். பின்னர் தேநீர் ஊற்றும்போது ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். “ஆரேனும் ஒருத்தர் அந்தப் பக்கம் இருந்தால்தானே உமக்கு வகுப்பு நடக்கும்,” என்றார்.

இருவரின் நட்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே பேஸ்மென்றில், நிலத்தடி அறையில், இருந்தவர்கள். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. இருவருக்குமாக ஒரே ஒரு குளிர்கால ஜக்கற். ஒருவர் வாசலில் கழற்ற மற்றவர் அதே சூட்டுடன் மாட்டிக்கொண்டு போவாராம்.

அருளப்பு அங்கிளின் மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் வேறு மாகாணத்தில். அவர் தனியாக இருந்தார். ஞாயிறு பூசையை விட்டால் இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் அவர் மனிதர்களோடு கதைக்கும் நாள். பரமலிங்கம் அங்கிளே ஒவ்வொரு வாரமும் காரில் போய் ஏற்றி வருவார். அருளப்பு அங்கிளின் இடது முழங்கால் மடியாது. ஆகவே முன் சீற்றைக் கடைசிவரை பின்னால் தள்ளி அவரை அதில் இருத்துவார்கள். பரமலிங்கம் அங்கிளின் மனைவி கமலா அன்ரி, பலகாரப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் வருவார்.

விடுதலை முன்னணி உருவான விதம்

எங்கள் மேசையில் அல்ஜீரியப் புரட்சி உடனே தொடங்கவில்லை. முதலில் நிர்வாகக் குழுவைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

தலைவர் பதவிக்குப் பரமலிங்கம் அங்கிள் போட்டியின்றித் தெரிவானார். செயலாளர் பதவிக்கு இருவர். பொருளாளர் பதவிக்கு நால்வர். அந்த முன்னணியிடம் இருந்த ஒரே சொத்து ஒரு கிண்ணம் உழுந்து என்பதை நான் நினைவூட்டினேன். அது கணக்கில் எடுக்கப்படவில்லை. கௌரவத்துக்குப் போசகர் ஒருவரும் வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து பிரேரணை வந்தது. தேநீர் இடைவேளைக்கு முன்பே தோற்ற செயலாளர் தன் ஆதரவாளர்களுடன் ஜன்னலோரம் போய் இரண்டாவது முன்னணியைத் தொடங்கிவிட்டார்.

நான் தடுக்கவில்லை. ஏனெனில் வரலாறும் அப்படித்தான் இருந்தது. அல்ஜீரியாவிலும் விடுதலை கேட்ட அமைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவை பிரெஞ்சுக்காரரோடு மட்டுமன்றித் தங்களுக்குள்ளும் சுட்டுக்கொண்டன. பிரான்சில் வேலை செய்த அல்ஜீரியத் தொழிலாளர்களிடையேகூட அந்தச் சண்டை தேநீர்க் கடைகளுக்குள் புகுந்தது. புலம்பெயர்ந்தவர்களிடம் மாதாமாதம் பங்களிப்புச் சேர்க்க வீடு வீடாகவும் போனார்கள்.

இதை நான் சொல்லி முடித்தபோது தேவன் அண்ணை கையை உயர்த்தினார். ட்ரக் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கூட்டத்தில் எல்லோரிலும் இளையவர். பரமலிங்கம் அங்கிளின் முன்னணியில் போக்குவரத்துப் பொறுப்பாளர்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லும். உது அல்ஜீரியாவோ, இல்லாட்டி வேற இடமோ?”

“அல்ஜீரியாதான், அண்ணை.”

“எனக்கென்னவோ இந்த வீட்டுக்கு ஏற்கெனவே போன மாதிரிக் கிடக்குது,” என்றார்.

சிவப்பு நூல் வேலி

அருளப்பு அங்கிள் சாதுவானவர். பேருந்தில் எவரேனும் தன் காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்பவர். அவர் இத்தனை திறமையான பேரரசாக இருப்பார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

போராளிகளுக்கான ஆயுதங்கள் பக்கத்து நாடான துனிசியாவிலிருந்து வருகின்றன என்று நான் சொன்ன வாரம், அவர் எழுந்து நொண்டி நொண்டிப் பின்னால் போனார். பின் வரிசையில் கமலா அன்ரியும் தோழிகளும் தேநீர் மேசையைச் சுற்றியிருந்து நூல் பின்னுவார்கள்.

“கமலா, உந்தச் சிவப்பு நூலில கொஞ்சம் தாவன்.”

“என்னத்துக்கு அண்ணை?”

“எல்லையை மூடப்போறன்.”

அவர் அந்த நூலை எல்லை நெடுகிலும் ஊசி குத்திக் கட்டினார். வரலாற்றிலும் பிரெஞ்சு இராணுவம் அதே எல்லையில் மின்சார வேலி ஒன்றைப் போட்டிருந்தது. நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. நூலுக்கு அப்பால் துனிசியாவில் உழுந்து குவிந்து கிடந்தது. இப்பால் ஒரு மணி வராது. அடுத்த வாரம் தலைநகரின் தெருக்களைப் பகுதி பகுதியாகக் கடலையால் அடைத்து, உள்ளே இருந்த உழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

“உனக்கு உது எங்கயிருந்து வருது?” என்று பரமலிங்கம் அங்கிள் கேட்டார். குரலில் வியப்பு பாதி, வேறு ஏதோ பாதி.

“ஊரில எனக்குச் செய்ததைத்தான் நான் செய்யிறன்,” என்றார் அருளப்பு அங்கிள். “எனக்கு வேற என்ன தெரியும்?”

ஒரு கோப்பை தேநீர்

அந்தப் போரில் மிகக் குறைந்த செலவில் பிரான்ஸ் பெற்ற வெற்றி ஒன்றுண்டு. எதிரியின் முகாமில் சந்தேகத்தை விதைத்தார்கள். உங்களுக்குள் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். ஒரு போராளித் தளபதி அதை நம்பித் தன் சொந்தப் போராளிகளையே, அதிலும் படித்த இளைஞர்களை, கொன்று குவித்தார். இதைப் பற்றி ஒரு முழு வகுப்பு எடுக்க வேண்டும் என்று எண்ணிக் குறிப்புகள் தயாரித்து வந்திருந்தேன். தேவைப்படவில்லை.

அன்று இடைவேளையில் அருளப்பு அங்கிள் தேவன் அண்ணைக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். தேவன் அண்ணை சிரித்தார். நடந்தது அவ்வளவுதான். மறுபடி மேசைக்கு வந்தபோது பரமலிங்கம் அங்கிள் போக்குவரத்துப் பொறுப்பைத் தேவன் அண்ணையிடமிருந்து பறித்துவிட்டார்.

“அண்ணை, அவர் தன்ர முழங்காலுக்கு நல்ல எண்ணெய் இருக்கோ எண்டுதான் கேட்டவர்,” என்றார் தேவன் அண்ணை.

“பின்னை ஏன் சிரிச்சனீர்?”

“எண்ணெய் உங்களுக்கோ ட்ரக்குக்கோ எண்டு கேட்டன். அதுக்குத்தான்.”

“பிரான்சோட என்ன பகிடி உமக்கு?”

தேவன் அண்ணை கோபித்துக்கொண்டு ஜன்னலோர முன்னணியில் போய்ச் சேர்ந்தார். அவரோடு இன்னும் இருவர் போனார்கள். பரமலிங்கம் அங்கிள் தனியே நின்றார். எதிரே அருளப்பு அங்கிள் ஒரு கடலையை மெதுவாக நகர்த்தி, காவலற்றுக் கிடந்த மலைத்தொடரின் மேல் வைத்தார்.

“துரோகி,” என்றார் பரமலிங்கம் அங்கிள்.

அந்தச் சொல் எங்களிடையே வெறும் ஏச்சு அன்று. ஒரு காலத்தில் மின்கம்பங்களில் கட்டப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் எழுதியிருந்த சொல் அது. அந்த அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லால் இழந்த ஒருவர் இருந்தார், அல்லது அதைச் சொன்ன ஒருவரைத் தெரிந்திருந்தது. பின்வரிசையில் பின்னலூசிகள் நின்றுவிட்டன.

அருளப்பு அங்கிள் மலைமேல் வைத்த கடலையிலிருந்து கையை எடுத்தார்.

“பரமம், நான் பிரான்ஸ். பிரான்ஸ் எப்பிடித் துரோகியாகும்? பிரான்ஸ் எதிரி.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “எதிரியெண்டு சொல்லு, நான் இருக்கிறன். மற்றதைச் சொல்லாத,” என்றார்.

அருளப்பு அங்கிள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அன்று பேருந்தில் வீட்டுக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். நிறுத்தத்தில் அவர் நின்றார். கார் அவரைக் கடந்து போனது. பின் சீற்றில் கமலா அன்ரியின் தலை மட்டும் திரும்பியிருந்தது.

சுவிற்சர்லாந்து

அந்த வாரம் முழுவதும் விளைவுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பை நிறுத்தினால், அந்தச் சொல்லோடு அது நின்றதாகிவிடும். தொடர்ந்தால், ஒரு முதியவரைப் பனியில் நிற்க வைத்ததாகிவிடும். அருளப்பு அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்தேன். வரவேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“நான் வாறன், பிள்ளை,” என்று அவரே சொன்னார். “பிரான்ஸ் வராமல் அவையள் ஆரோட சண்டை பிடிக்கிறது?”

இரண்டு பேருந்து மாறி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குரிய கதிரையில் அமர்ந்தார். பரமலிங்கம் அங்கிள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

“பிள்ளை, மலைப் பக்கம் இருக்கிற கடலையை எடுக்கப்போகினமோ இல்லையோ எண்டு பிரான்சிட்டக் கேளும்.”

பிரான்ஸ் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. நான் கேட்டேன்.

“எடுக்கேல்லை எண்டு முன்னணியிட்டச் சொல்லும்.”

நான் சொன்னேன். உண்மையான போரிலும் இரு தரப்பும் நேராகப் பேச மறுத்தபோது சுவிஸ் நாட்டு அதிகாரிகள்தான் நடுவே ஓடித் திரிந்தார்கள். அவர்களுடைய உழைப்பைப் பற்றி என் பல்கலைக்கழகக் கட்டுரையில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தேன். இப்போது அவர்களைப் பற்றி விரிவாக எழுதலாம் போல் இருந்தது. தேநீருக்குச் சீனி வேண்டுமா என்பதைக்கூட நான் இருபக்கமும் எடுத்துச் சென்றேன்.

பாரிஸ் முடிவெடுக்கிறது

அன்றைய பாடம் அந்தப் போரின் விசித்திரம் பற்றியது. படைபலத்தில் பிரான்ஸ் ஏறக்குறைய வென்றிருந்தது. வேலி நின்றது, தலைநகர் அடங்கியிருந்தது, மலைகள் வெறுமையாயின. ஆனால் போர் அங்கே முடிவாகவில்லை. உலக நாடுகளின் அவையிலும் பிரான்சின் வீடுகளிலும் அது தோற்றுக்கொண்டிருந்தது. கட்டாயச் சேவையில் அனுப்பப்பட்ட பையன்களின் பெற்றோர் களைத்துப் போயிருந்தார்கள். இறுதியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள்.

வாக்களிக்கப் பிரெஞ்சு மக்கள் தேவைப்பட்டார்கள். நான் பின்வரிசையைப் பார்த்தேன்.

“நாங்கள் பாரிஸ் எண்டால் தேத்தண்ணி ஆர் ஊத்திறது?” என்று கேட்டார் கமலா அன்ரி. ஆனால் பின்னலை வைத்துவிட்டு முன்னால் வந்தார். அவர் வந்து நின்றது கணவரின் பக்கம் அல்ல, அருளப்பு அங்கிளின் முன்னால்.

“அண்ணை, உந்தக் கடலை எல்லாம் ஆற்ற பிள்ளையள்?”

“பிரான்ஸ் பொடியள். கட்டாயத்தில பிடிச்சு அனுப்பினது.”

“அப்ப எங்கட பிள்ளையள். நீங்கள் வெண்டிட்டியள் எண்டுதானே சொல்லுறியள்?”

“ஓம்.”

“வெண்டால் ஏன் அவங்கள் இன்னும் அங்க நிக்கிறாங்கள்?”

பல்கலைக்கழகத்தில் நான் படித்த தடித்த நூல்கள் அனைத்தும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தன. அருளப்பு அங்கிள் ஒரு கடலையை எடுத்து, அதே இடத்தில் திருப்பி வைத்தார்.

படைகளைத் திருப்பி அழைக்க வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தலாம் என்றேன். பின்வரிசை முழுவதும் உயர்ந்தது. யோகாப் பாயை மறந்துவிட்டு எடுக்க வந்த பெண் ஒருவர், என்ன விடயம் என்று கேட்காமலே தானும் உயர்த்தினார்.

“பாரிஸ் சொல்லலாம்,” என்றார் அருளப்பு அங்கிள், விடாப்பிடியாக. “ஆமி கேக்க வேணுமே.”

இதுவும் வரலாறுதான். அங்கேயும் சில தளபதிகள் கேட்க மறுத்துக் கலகம் செய்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் அவர்களுடன் போகாததால் கலகம் சரிந்தது. அதை அடுத்த வாரம் விளக்கலாம் என்று நினைத்துக் கடலையை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு மூடினேன்.

“தாரும், நான் கொண்டுபோய் வைக்கிறன்,” என்றார் கமலா அன்ரி. “இஞ்ச கிடந்தால் எறும்பு மொய்க்கும்.”

அந்தக் குளிரில் எறும்பு எங்கிருந்து வரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கலகம் அடங்கிய விதம்

மறு சனிக்கிழமை அருளப்பு அங்கிள் மறுபடி பேருந்தில் வந்து சேர்ந்தார். காற்சட்டையின் ஓரங்கள் தெருவில் தூவிய உப்பும் பனியும் பட்டு வெளிறியிருந்தன. கமலா அன்ரி பெரிய பாத்திரம் ஒன்றை மேசையின் நடுவே, சரியாகச் சகாராப் பாலைவனத்தின் மேல், வைத்து மூடியைத் திறந்தார்.

வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சொட்டுமாகத் தாளித்த கடலையின் மணம் அறையை நிறைத்தது. சிறுநீரகப் படம்கூடச் சற்றுச் சிவந்தது போலிருந்தது.

“என்ர ஆமி எங்க?” என்றார் அருளப்பு அங்கிள்.

“உதுதான்,” என்றார் கமலா அன்ரி. “வெள்ளிக்கிழமை ஊறப்போட்டனான். பாரிஸ் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.”

தேவன் அண்ணை முதலில் சிரித்தார். ஜன்னலோர முன்னணி முழுவதும் சிரித்தது. அருளப்பு அங்கிள் பாத்திரத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டு, யோசனையோடு மென்றார்.

“சரி,” என்றார். “பேசுவம்.”

இவ்வாறு எங்கள் மேசையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. நான் நடுவில் அமர்ந்தேன். எல்லைகள், எண்ணெய் வயல்கள், கைதிகள், அங்கே பிறந்து வளர்ந்து இப்போது ஒரு பெட்டியோடு கப்பலேற நிற்கும் வெள்ளைக் குடியேறிகள், ஒவ்வொன்றையும் இருபக்கமும் கொண்டுபோனேன். காகிதத் தட்டுகளில் இராணுவம் குறைந்துகொண்டே வந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில் பரமலிங்கம் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, அந்தச் சொல்லை ஒப்பந்தத்தில இருந்து எடுக்கச் சொல்லும்.”

எந்தச் சொல் என்று எவரும் கேட்கவில்லை.

“அது ஒப்பந்தத்தில் இல்லையே, அங்கிள்.”

“இல்லாட்டியும் எடுக்கச் சொல்லும்.”

நான் அருளப்பு அங்கிளைப் பார்த்தேன். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுத்தாச்சு எண்டு சொல்லும், பிள்ளை,” என்றார்.

“அப்ப பிரான்ஸ் எப்பிடி வீட்ட போறது?” என்று கமலா அன்ரி பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “கப்பலிலயோ, ரண்டு பஸ் மாறியோ?”

பரமலிங்கம் அங்கிள் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் கார் வாசலில் வந்து நின்றது. பின் சீற்றில் கமலா அன்ரி வெறும் பாத்திரத்தோடு ஏறிக்கொண்டார். நான் முன்கதவைத் திறந்து அருளப்பு அங்கிளின் முழங்கையைப் பிடித்தேன்.

அவர் வழக்கம்போல் குனிந்து, சீற்றைப் பின்னால் தள்ளும் பிடியைத் தேடினார். தள்ளினார். அசையவில்லை. அது ஏற்கெனவே கடைசிவரை பின்னால்தான் இருந்தது.

“அது அங்கதான் கிடக்குது, அண்ணை,” என்றார் கமலா அன்ரி பின்னாலிருந்து. “என்ர காலை மடிச்சுக்கொண்டு ரண்டு கிழமையா வந்து போறன். அசைக்க உவர் விட்டால்தானே.”

பரமலிங்கம் அங்கிள் கண்ணாடித் துடைப்பானைப் போட்டார். அன்று பனி பெய்யவில்லை.

அருளப்பு அங்கிள் காலை நீட்டி அமர்ந்து, பெல்ற்றை இழுத்து மாட்டினார். நேரே முன்னால் பார்த்தபடி சொன்னார்:

“கடலைக்குக் கொஞ்சம் உப்புக் காணாது.”

நான் அதை எடுத்துச் செல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பரமலிங்கம் அங்கிள் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

“உன்ர ஆமிதானே,” என்றார்.

நான் கதவைச் சாத்தினேன். சுவிற்சர்லாந்துக்கு இனி அங்கே வேலை இருக்கவில்லை.